நனையாமல் இருந்தால் மட்டும் போதுமா? வேட்டைக்காரர்களின் ரெயின்கோட் சொல்லும் பாடம்!

அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஊர் கெச்சிக்கன். அங்கே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைப்போல சுமார் இரண்டரை மடங்கு. அதுவும் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு வெயில் அடிக்கும் நம் ஊர் மழை போன்றது அல்ல. நாள்கணக்கில் நசநசவென்று விடாமல் பெய்யும் குளிர் மழை. அக்டோபரில் அது உச்சத்தைத் தொடும். அந்தப் பகுதியில் மான் வேட்டை சூடுபிடிப்பதும் அதே இலையுதிர் காலத்தில்தான்.

அங்குள்ள பல குடும்பங்களுக்கு வேட்டை என்பது வீட்டுக்குத் தேவையான இறைச்சி. அரசிடம் உரிமம் வாங்கி, எத்தனை மான் என்று விதி சொல்கிறதோ அதற்குள் வேட்டையாடி, குளிர்காலத்துக்கு ஃப்ரீசரில் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். மழை பெய்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தால் சீசனே போய்விடும். ஆகவே, ஒரு வேட்டைக்காரர் துப்பாக்கிக்கு எவ்வளவு யோசிக்கிறாரோ, அதே அளவுக்கு ரெயின்கோட்டுக்கும் யோசிக்கிறார்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் மழைக்குள்ளேயே நடந்து, உட்கார்ந்து, முட்டிபோட்டு, சுமை தூக்குகிறவர்கள் தங்கள் ரெயின்கோட்டை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதில் நமக்கும் நிறைய விஷயம் இருக்கிறது. டூ வீலரில் வேலைக்குப் போகிறவர், வயலுக்குப் போகிறவர், மலையேற்றம் போகிற கல்லூரி மாணவர் என எல்லோருக்கும் உதவும் பாடம் அது.

குளிரைவிட ஆபத்து ஈரம்!

குளிரில் உயிர்போகும் என்றால் உடனே பனிமலைதான் நினைவுக்கு வரும். ஆனால், பனியே இல்லாத இடத்தில், 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்கூட ஒருவர் விறைத்துப்போக முடியும். அதற்கு மூன்று விஷயங்கள் சேர்ந்தால் போதும்: ஈரம், காற்று, களைப்பு.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த உடைக்குள் தங்கியிருக்கும் காற்றுதான் நம் உடல்சூட்டைப் பிடித்துவைக்கிறது. உடை நனைந்ததும் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடல்சூடு விறுவிறுவென்று வெளியே போகத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, காற்று வீசினால் ஈரம் ஆவியாகி இன்னும் சூட்டை இழுக்கும்.

உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதை 'ஹைப்போதெர்மியா' என்கிறார்கள் மருத்துவர்கள். முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது. ஜிப்பை இழுக்கக்கூட முடியாது. பேச்சு குழறும், நடை தள்ளாடும். இதில் பெரிய ஆபத்து, மூளையும் மந்தமாகிவிடுவதுதான். 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் அந்த நபர் சொல்லிக்கொண்டிருப்பார். நிலைமை முற்றும்போது நடுக்கம் நின்றுவிடும். அது குணமாவதற்கான அறிகுறி அல்ல. உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒருவரைப் பார்த்தால் முதல் வேலை, மழையும் காற்றும் படாத இடத்துக்குக் கொண்டுபோய் ஈர உடைகளைக் கழற்றுவது. உலர்ந்த கம்பளியால் தலை, கழுத்து, மார்பு எல்லாவற்றையும் போர்த்த வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்த்துவிடக் கூடாது. மது கொடுக்கவே கூடாது; அது தோலுக்கு ரத்தத்தை வரவழைத்து, இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும். தாமதிக்காமல் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆக, ரெயின்கோட்டின் உண்மையான வேலை உடல்சூட்டைக் காப்பது. மழையைத் தடுப்பது அதில் ஒரு பாதிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

குடலில் தைத்த கோட்டு

இந்த உண்மையை அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். உனங்கன், யூபிக் போன்ற இனத்தவர் சிறிய தோல் படகுகளில் கடலுக்குள் போய் சீல், கடற்சிங்கம் போன்றவற்றை வேட்டையாடினார்கள். கடல் நீர் மேலே தெறித்துக்கொண்டே இருக்கும். அதற்காக அந்த வீட்டுப் பெண்கள் தைத்த ரெயின்கோட்டு எதில் தெரியுமா? விலங்குகளின் குடலில்!

சீல், கடற்சிங்கம், வால்ரஸ், கரடி இவற்றின் குடலை எடுத்துச் சுத்தம் செய்து, ஊதி, காயவைத்து, நீளவாக்கில் கீறினால் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய பட்டைகள் கிடைக்கும். அவற்றை விலங்கின் தசைநாரால் செய்த நூலைக்கொண்டு இணைப்பார்கள். தையல் மடிப்புக்குள் உலர்ந்த புல்லை வைத்துத் தைப்பதும் உண்டு. ஈரம் பட்டதும் புல் ஊதிப் பெருத்து, ஊசித் துளைகளை அடைத்துவிடும். கோட்டின் கீழ் விளிம்பைப் படகின் வாய்ப்பகுதியோடு சேர்த்துக் கட்டிவிட்டால், அலை அடித்தாலும் படகுக்குள் தண்ணீர் இறங்காது.

இந்தக் குடல் கோட்டு வெளியே இருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும். அதேசமயம், துடுப்புப் போடுகிறவரின் வியர்வை ஆவியை ஓரளவு வெளியே விடும். எடையும் மிகக் குறைவு. இன்றைக்கு ஒரு நல்ல ரெயின்கோட்டுக்குச் சொல்லப்படும் மூன்று தகுதிகளும் அதில் இருந்தன: நீர் புகாத துணி, அடைக்கப்பட்ட தையல், வியர்வைக்கு வழி.

தொழிற்சாலைகள் இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க ரொம்ப காலம் ஆனது. 1823-ல் ஸ்காட்லாந்தின் வேதியியலாளர் சார்லஸ் மாக்கின்டாஷ், நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் இன்றும் ரெயின்கோட்டை 'மேக்' என்று சொல்வது இவர் பெயரால்தான். ஆனால், ஆரம்பத்தில் வந்த அந்தக் கோட்டுகள் குளிரில் விறைத்தன, வெயிலில் பிசுபிசுத்தன, நாற்றமும் அடித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பவர் வியர்வையிலேயே நனைந்தார்.

இன்னொரு பக்கம், நார்வேயின் மாலுமிகள் ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்த துணியை அணிந்தார்கள். இங்கிலாந்தில் மெழுகு ஏற்றிய பருத்திக் கோட்டு வேட்டைக்காரர்களின் அடையாளமாகவே ஆனது. ஆல்ப்ஸ் மலையில் வேட்டைக்குப் போனவர்கள் 'லோடன்' என்ற கெட்டியான கம்பளித் துணியை நம்பினார்கள். அது முழுதாக நீரைத் தடுக்காது. ஆனால், நனைந்தாலும் சூட்டை விடாது, சத்தமும் போடாது.

பெரிய திருப்பம் 1969-ல் அமெரிக்காவில் வந்தது. பாப் கோர் என்பவர், நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி, மெதுவாக இழுத்து நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது அறுந்தது. கடுப்பில் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தபோது, அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டது! அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாகியிருந்தன. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 900 கோடி துளைகள். ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியது. நீராவி மூலக்கூறைவிட சுமார் 700 மடங்கு பெரியது. மழைத்துளி உள்ளே வர முடியாது, வியர்வை ஆவி வெளியே போய்விடும். 'கோர்-டெக்ஸ்' என்ற பெயரில் 1976-ல் இந்தத் துணி விற்பனைக்கு வந்தது. இன்று பல நிறுவனங்கள் இதே மாதிரியான சவ்வுகளைத் தயாரிக்கின்றன.

லேபிளில் இருக்கும் இரண்டு எண்கள்

நல்ல ரெயின்கோட்டின் லேபிளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, '10,000 மி.மீ. / 10,000 கிராம்'.

முதல் எண், துணி எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்கும் என்பது. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 10,000 மி.மீ., அதாவது 10 மீட்டர் உயரம் வரை நின்றாலும் துணி கசியவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 'மழை அவ்வளவு அழுத்தமாகவா பெய்யும்?' என்று கேட்கலாம். பெய்யாதுதான். ஆனால், ஈரமான பாறையில் உட்காரும்போது பின்புறத்திலும், மண்டிபோடும்போது முட்டியிலும், பை மாட்டும்போது தோளிலும் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. வேட்டைக்காரர் இந்த மூன்றையும் நாள் முழுக்கச் செய்கிறார். 1,500 மி.மீ. என்று போட்ட கோட்டு, தூறலில் கடைக்குப் போய்வரப் போதும். மழைக்குள்ளேயே வேலை என்றால் 10,000-க்குக் குறையாமல் பார்ப்பதும், அடைமழைப் பகுதி என்றால் 20,000 வரை போவதும் வழக்கம்.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. இந்த எண் கூடக்கூட உள்ளே புழுக்கம் குறையும்.

வேட்டையில் இந்த இரண்டாவது எண் ஏன் முக்கியம்? மலை ஏறும்போது உடல் கொதிக்கும், வியர்வை கொட்டும். மேலே போய் ஓரிடத்தில் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். உள்ளே தேங்கிய வியர்வை அப்போது குளிர்ந்து, நனைந்த உடைபோலவே உடல்சூட்டைத் திருடும். மழையில் ஒரு சொட்டுகூட நனையாத ஆள், தன் வியர்வையால் விறைத்துப்போவது இப்படித்தான். மான் கிடைத்துவிட்டாலும் வேலை முடியாது. அந்தப் பகுதியின் வளர்ந்த ஆண் மான் சுமார் 55 கிலோ இருக்கும். அதன் இறைச்சியை முதுகில் சுமந்துகொண்டு வழுக்குப் பாதையில் இறங்க வேண்டும். மறுபடியும் வியர்வை!

அதனால்தான் அனுபவசாலிகள் ஏறும்போது கோட்டின் ஜிப்பைத் திறந்துவிடுவார்கள் அல்லது கோட்டையே கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள். உட்காரும் இடம் வந்ததும், உடல் சூடு இறங்குவதற்குள் போட்டுக்கொள்வார்கள். அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்த கோட்டுகளுக்கு அவர்களிடம் தனி மதிப்பு உண்டு. கோட்டைக் கழற்றாமலே காற்றோட்டம் கிடைக்கும் அல்லவா?

உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?

எவ்வளவு நல்ல ரெயின்கோட்டும் தனியாக ஒன்றும் செய்யாது. உள்ளே போடும் உடையோடு சேர்ந்துதான் அது வேலை செய்யும். நமக்குப் பிரியமான பருத்தி, குளிர் மழையில் எதிரி. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடவே விடாது. 'பருத்தி ஆளைக் கொல்லும்' என்று அமெரிக்க மலையேற்றக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சே உண்டு. ஜீன்ஸும் இதில் சேர்த்திதான்.

மாறாக, கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாமல் சீக்கிரம் காயும். அதனால் உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட்டு என மூன்று அடுக்காக அணிகிறார்கள். இதனால் கடையில் ரெயின்கோட்டை டி-ஷர்ட்டின் மேல் போட்டு அளவு பார்க்கக் கூடாது. ஸ்வெட்டரோடு போட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையைத் தூக்கும்போது மணிக்கட்டும் இடுப்பும் வெளியே தெரிந்தால், தண்ணீருக்கு வாசல் திறந்துவிட்டதாக அர்த்தம்.

சரசரவென்று சத்தம் போட்டால்?

வேட்டைக்காரருக்கு மட்டுமே உரிய ஒரு பிரச்னை, சத்தம். சாதாரண நைலான் ரெயின்கோட்டு, கையை அசைத்தாலே சரசரக்கும். மானின் காது அதை வெகு தூரத்திலேயே பிடித்துவிடும். அதனால் வெளிப்புறம் மென்மையாக, லேசாக ரோமம் எழுப்பிய துணிகளைத் தேடி வாங்குகிறார்கள். கடையில் துணியோடு துணியை உரசிக் காதில் வைத்துக் கேட்பார்கள். இந்த மென்மைக்கு ஒரு விலையும் உண்டு: அப்படிப்பட்ட துணி மேற்பரப்பில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கனக்கும், காய நேரமாகும்.

அடுத்தது நிறம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் பளீரென்ற ஆரஞ்சு நிறம் அணிவது கட்டாயம். இன்னொரு வேட்டைக்காரர் தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக! கொலராடோவில் குறைந்தது 500 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய வேண்டும். அங்கே பளீர் இளஞ்சிவப்பும் செல்லும். பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும்போது தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம்.

இங்கேதான் ரெயின்கோட்டு ஆளைக் காலைவாரிவிடும். ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், மழை வந்ததும் இலை, தழை அச்சிட்ட பச்சை ரெயின்கோட்டை அதன்மேல் மாட்டிக்கொண்டால், பாதுகாப்பு நிறம் மறைந்துபோகும். மழை மூட்டத்தில் பார்வை மங்கியிருக்கும் நேரத்தில் இது உயிருக்கே ஆபத்து. அதனால் ரெயின்கோட்டே ஆரஞ்சில் இருக்க வேண்டும் அல்லது அதற்கு மேல் ஆரஞ்சு வெஸ்ட் போட வேண்டும்.

'அப்படியென்றால் மான் பார்த்துவிடாதா?' பார்க்காது. மானின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டு வகைதான். நமக்கு மூன்று. ஆரஞ்சையும் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால், நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் துணிக்குப் பளிச் வெண்மை தரும் டிடர்ஜென்ட்டில் வேட்டை உடையைத் துவைக்க மாட்டார்கள். அதில் இருக்கும் பிரகாசமூட்டும் பொருள்கள் நீல ஒளியை வீசி மானுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒழுகும் இடம் எது?

ரெயின்கோட்டு ஒழுகினால் துணியைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி துணி அல்ல, தையல்! ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு சின்ன ஓட்டை. கோட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். தையல் வரிசைகளின் மேல் வழவழப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். சில கோட்டுகளில் தோள், கழுத்து போன்ற முக்கியத் தையல்களுக்கு மட்டும் டேப் இருக்கும். அது லேசான மழைக்குச் சரி. நாள் முழுக்க மழையில் நிற்பவர்களுக்கு எல்லாத் தையலிலும் டேப் வேண்டும்.

அடுத்து ஜிப். முன்பக்க ஜிப்பின் மேல் துணி மடிப்பு மூடியிருக்கிறதா அல்லது ஜிப்பே நீர் புகாத வகையா என்று பாருங்கள். தொப்பி, தலையைத் திருப்பும்போது கூடவே திரும்ப வேண்டும். கண்ணை மறைத்தால் ஆபத்து. நெற்றிக்கு மேல் விறைப்பான விளிம்பு இருந்தால் மழை முகத்தில் வழியாது. மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை அவசியம். கையைத் தூக்கினால் தண்ணீர் முழங்கை வரை ஓடிவரும்.

மேல்கோட்டை மட்டும் வாங்கிவிட்டு பான்ட்டை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. காட்டில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. நனைந்த புதரில் நடந்தாலே தொடை வரை ஊறிவிடும். நம் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வது இதே காரணத்துக்காகத்தான். வேட்டைக்கான ரெயின் பான்ட்டில் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஜிப் இருந்தால், பூட்ஸைக் கழற்றாமலே போட்டுக்கொள்ளலாம். பான்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே செருகினால் தண்ணீர் நேராக பூட்ஸுக்குள் இறங்கும்.

முள்ளும் புதரும் அடர்ந்த, மழை ஓயாத அலாஸ்கா கடலோரத்தில் இன்றும் சிலர் மெல்லிய நவீன சவ்வுத் துணியை நம்புவதில்லை. மீனவர்கள் அணியும் ரப்பர் பூச்சுக் கோட்டையே போட்டுக்கொள்கிறார்கள். வியர்க்கும்தான், ஆனால் கிழியாது, ஊறாது. விலை அதிகமான கோட்டு எல்லா இடத்துக்கும் நல்ல கோட்டாகிவிடாது. செய்யும் வேலைக்கு ஏற்றதே நல்ல கோட்டு.

துவைக்கலாமா, கூடாதா?

புது ரெயின்கோட்டில் தண்ணீர் தாமரை இலைமேல் உருள்வதுபோல உருண்டு ஓடும். துணியின் வெளிப்புறத்தில் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சுதான் காரணம். நாளாக ஆக, அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தப் பூச்சு வேலை செய்யாமல் போகும். வெளித்துணி ஊறிக் கனக்கும். உள்ளிருக்கும் சவ்வு நன்றாக இருந்தாலும், வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே சில்லென்று ஈரம் கோக்கும். 'கோட்டு ஒழுகுகிறது' என்று தூக்கிப் போடுகிறவர்கள் அநேகம்.

தூக்கிப் போட வேண்டாம். சவ்வுத் துணிக் கோட்டைத் துவைப்பது அதற்கு நல்லது. மென்மையான திரவ சோப்பில் துவைத்து, நன்றாக அலச வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே தண்ணீரை இழுக்கும். துணி கண்டிஷனர், பிளீச் இரண்டும் கூடாது. லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் காயவைக்கலாம். அந்தச் சூடு பூச்சுக்கு மறுபடி உயிர் கொடுக்கும். அப்படியும் தண்ணீர் உருளவில்லை என்றால், நீர்விலக்கி ஸ்பிரேயை மேலே அடிக்கலாம். பிளாஸ்டிக், ரப்பர் கோட்டுகளுக்கு இந்தச் சூடு ஆகாது. அவற்றை ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிட்டாலே போதும்.

இந்தப் பூச்சில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதற்குப் பயன்பட்டவை பி.எஃப்.ஏ.எஸ் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாமல் தங்கிவிடுபவை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 முதல் துணிகளில் இவற்றைத் தடை செய்திருக்கிறது. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும், லேபிளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2028 வரை அவகாசம். புதிதாக வாங்குகிறவர்கள் பி.எஃப்.ஏ.எஸ் இல்லாதது என்று லேபிளில் இருக்கிறதா எனப் பார்க்கலாம். ஆனால், அந்தப் பூச்சுகளில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டும் என்பதால், அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர் மழைக்கு எது சரி?

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சவ்வுத் துணி வியர்வையை வெளியே அனுப்புவது, உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போதுதான். அலாஸ்காவில் அது நடக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மழையில் வெளியேயும் அதே புழுக்கம்! விலை உயர்ந்த சவ்வுக் கோட்டு வாங்கினாலும் பெரிய பலன் தெரியாது. சமவெளியில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, எல்லாத் தையலுக்கும் டேப் ஒட்டிய, முதுகிலும் அக்குளிலும் காற்றோட்டத் திறப்பு உள்ள சாதாரணக் கோட்டை வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் முன்னோர் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்ட கொங்காணியின் சூட்சுமமும் அதுதான். தலையும் முதுகும் நனையாது. முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று வரும். குனிந்து நாற்று நடுகிறவருக்கு அது போதுமானதாக இருந்தது.

டூ வீலரில் போகிறவர்களுக்கு வேட்டைக்காரரின் இரண்டு விதிகள் அப்படியே பொருந்தும். ஒன்று, கோட்டும் பான்ட்டும் தனித்தனியாக வேண்டும். போர்வைபோலத் தொங்கும் கோட்டு காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும் ஆபத்து உண்டு. இரண்டு, நிறம். மழை இருட்டில் கறுப்புக் கோட்டு போட்டவரை லாரி டிரைவருக்குத் தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறத்தில், ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை வைத்த கோட்டாகப் பார்த்து வாங்குங்கள். உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால், பான்ட்டின் பின்புறத் தையலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியானால், வேட்டைக்காரர் அணிவது போன்ற கோட்டு நம் மாநிலத்தில் யாருக்குத்தான் தேவை? வேட்டையைத் தடுப்பவர்களுக்கு! முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் வேலை ஏறக்குறைய அதே வேலைதான். பருவமழையில் நாள் முழுக்க நடக்க வேண்டும். யானை எங்கே நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு போக வேண்டும். சரசரக்கும் பிளாஸ்டிக் கோட்டு அவர்களின் காதையே அடைத்துவிடும். உண்ணிச்செடி முள்ளில் மாட்டினால் மெல்லிய கோட்டு ஒரே வாரத்தில் கிழியும். கால்வழியே அட்டை ஏறும். மலைக்காட்டின் இரவுக் குளிர் வேறு. சத்தமில்லாத, கிழியாத, வியர்வைக்கு வழிவிடும் ஒரு கோட்டும் பான்ட்டும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, வேலைக் கருவி. காவலர்களுக்கு உதவ நினைக்கும் அமைப்புகளும் நன்கொடையாளர்களும், எண்ணிக்கைக்காக மலிவான கோட்டுகளை வாங்கிக் கொடுப்பதைவிட, தரமானதாகப் பார்த்துக் கொடுத்தால் அது உண்மையான உதவியாக இருக்கும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்!

• உள்புறம் திருப்பி, எல்லாத் தையலிலும் டேப் இருக்கிறதா என்று பாருங்கள்.

• வெளிக் காற்றோடு தொடர்புள்ள திறப்புகள் அக்குளிலோ முதுகிலோ இருக்கின்றனவா?

• குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறீர்களானால், ஸ்வெட்டரின் மேல் போட்டு அளவு பாருங்கள். கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள்.

• தொப்பியைப் போட்டுக்கொண்டு இடதும் வலதும் திரும்புங்கள். பார்வை மறைந்தால் வேண்டாம்.

• ஜிப்பை ஒரு கையால், முடிந்தால் கையுறையோடு, இழுத்துப் பாருங்கள். விரல் விறைத்த நேரத்தில் உதவுவது அதுதான்.

• வீட்டுக்கு வந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரைத் தோளிலும் கழுத்திலும் வைத்துக்கொண்டால், எங்கே ஒழுகுகிறது என்று உடனே தெரியும். மாற்றித் தர அவகாசம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

• பயன்படுத்தியபின் ஈரத்தோடு சுருட்டி டிக்கியில் திணிக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், டேப் உரியும். உலர்த்தி, தொங்கவிடுங்கள்.

கெச்சிக்கனின் வேட்டைக்காரர்கள் கிளம்பும்போது வானம் தெளிவாக இருந்தாலும் ரெயின்கோட்டைப் பையின் மேல்பகுதியில்தான் வைப்பார்கள். அடியில் வைத்தால், அதை எடுப்பதற்குள் பையில் இருக்கும் உலர்ந்த உடைகளும் நனைந்துவிடும். மலைக்கு மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களும், குடும்பத்தோடு ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்களும் பை அடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.